இரண்டு பாகை

பதூமியில் மழை. நான்காம் மாடி.
துருக்கிக் காப்பி கோப்பையில் வண்டலாகிக் கிடக்கிறது.
திரையில் த்ஸப்லிஸ்கெடி
இன்னும் ஊராகவில்லை,
நாலாயிரத்து முந்நூறு புள்ளிகள்.
ஒவ்வொரு புள்ளியிலும் நுக்ஸார் நின்றிருக்கிறான்
கம்பத்தை ஊன்றி,
குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சை அடக்கி.
2187-ஆம் புள்ளிக்கான குறிப்பு:
“நாய் கடிக்க வந்தது.”

ஒரு சொடுக்கு.
புள்ளிகள் மூன்று மூன்றாகக் கைகோத்துக்கொள்கின்றன.
வலையில் சிக்கிய மாதிரி ஒரு மலை
திரையில் புரள்கிறது.

என்ன நிறம் என்று கேட்கிறது மென்பொருள்.
பத்துப் பாகைக்குள் பச்சை.
இருபதுவரை மஞ்சள். அதற்கு மேல் காவி.
முப்பத்தைந்தைத் தாண்டினால் சிவப்பு.

ஊர் குப்பென்று சிவந்தது.
வீடுகள் சிவப்பில், மாட்டுக்கொட்டகைகள் சிவப்பில்,
ஜெமாலின் உருளைக்கிழங்குக் கொல்லை சிவப்பில்
(தோண்டுவதில்லை அவர்,
மலையோடு மல்லுக்கட்டிப் பிடுங்குகிறார்).
நடுவே
உள்ளங்கை அகலம் பச்சை.

எல்லோருக்கும் தெரிந்த இடம்தான்.
கல்யாணக் கூடாரம் அங்கேதான் போடுவார்கள்.
லாரி திரும்புவது அங்கேதான்.
மேசையில் வைத்த தக்காளி
மேசையிலேயே இருக்கும் ஒரே இடம்.
பள்ளிக்கூடத்தை அங்கேயே கட்டச் சொல்லி
நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து,
அதில் ஒன்று பென்சிலில்.

மேலாளர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
“அதான் பச்சை இருக்கிறதே ஸாயிரா, பிறகென்ன?”

பழக்கதோஷத்தில் அம்புகளையும் ஏற்றினேன்.
நீர் போகும் திக்கைக் காட்ட
முக்கோணத்துக்கு ஒன்று.
அத்தனையும் ஆற்றைப் பார்த்தன.
பச்சைக்குள் ஒன்பது மட்டும்
ஆற்றுக்கு முதுகைக் காட்டி
மலையைப் பார்த்தன.

அளவுப் பிழை என்றேன்.
கம்பத்தை வைக்கோற்போரில் ஊன்றியிருப்பான்.
போனில் நுக்ஸார் கத்தினான்:
“தாயாணை, தரையிலதான்!”

போய்ப் பார்த்தேன்.
பச்சை, நேரில் சேறு.
ஓரத்துச் செஸ்ட்நட் மரங்கள்
அடியில் வளைந்து அப்புறம் நிமிர்ந்திருந்தன,
விழுந்ததை யாரும் பார்க்கவில்லையே என்று
சட்டென எழுந்து நிற்பவர்களைப் போல.
மலை தொடங்கும் மூலையில் கோரை,
கணுக்காலளவு தண்ணீர்.

ஒரு சிறுமி பந்து உதைத்துக்கொண்டிருந்தாள்.
தவறவிட்டால் ஆற்றுக்கு ஓடிவிடாதா, கேட்டேன்.
“மற்ற இடத்தில் ஓடும்.
இங்கே மட்டும் மலைக்கு.”
இதுகூடத் தெரியாதா என்பது போல்
தரையில் வைத்துக் காட்டினாள்.
பந்து கொஞ்சம் யோசித்தது.
பிறகு மெதுவாக
உள்பக்கம் போனது, கோரைவரை.

இரண்டு பாகை.

எப்போதோ இந்த மலையில் ஒரு கவளம்
வழுக்கி இறங்கி
நாற்காலியில் சாய்கிற ஆளைப் போல்
பின்பக்கம் சரிந்து உட்கார்ந்திருக்கிறது.
அதன் மடியில்தான் இவ்வளவு கல்யாணமும்.
எழுந்து இறங்கும் எண்ணம் உண்டா என்று
அம்பு சொல்லாது.
கோரை மட்டும் வருஷம் முழுக்க ஈரம் என்கிறார் ஜெமால்.
என்கிறவர்,
“சரி, அப்போ எங்கே கட்டுவது? சிவப்பிலா?”
என்றும் கேட்டார்.
பூட்ஸில் ஒட்டிய சேற்றை
ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

ஆறு இடத்தில் துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன்.
செலவைப் படித்த மேலாளர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டவில்லை.
நிறப்பட்டியலுக்கு எத்தனை பாகை என்று தெரியும்,
எந்தப் பக்கம் என்று தெரியாது.
ஒன்பது முக்கோணங்களையும் நானே தேர்ந்து
கையால் சிவப்பாக்கினேன்.
இது விதிமீறல். குறித்தும் வைத்திருக்கிறேன்.

படம் பாதி அச்சாகி நிற்கிறது.
சிவப்பு மை
தீர்ந்துவிட்டதாம்.