ஏழு டெசிபெல்

சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு வீடு.
இரவு பத்தேகாலுக்கு,
காலணியைக் கழற்றிவிட்டு,
புகார் கொடுத்தவரின் படுக்கையறையில் நிற்கிறேன்.

விதி அப்படி.
சத்தம் எங்கே உறுத்துகிறதோ
அங்கேதான் அளக்கவேண்டும். ஜன்னல் திறந்திருக்கவேண்டும்.
கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில்
மூன்று காலை விரித்து நோம்வுலா கருவியை நிறுத்தினாள்.
அதற்குமேல் அந்த அறையில் இடமில்லை.

சந்தில் நிற்கிறது குற்றம் சாட்டப்பட்டது:
கோனசீலன் படையாச்சியின் ஹீட் பம்ப்.
வெளிக்காற்றில் கிடக்கும் சூட்டைக் கறந்து
குளிக்கிற தண்ணீருக்குள் விடும் பெட்டி.
கரண்ட் பில் பாதியாகிவிட்டதென்று
தாள்களோடு வந்திருக்கிறார்.
பிளம்பர் கொடுத்த சான்று, எலக்ட்ரீஷியன் கொடுத்த சான்று,
நகராட்சி முத்திரை குத்திய வரைபடம்,
அதில் சிவப்பு மையில் ஒரு சின்னச் சதுரம்.
ராத்திரி முழுக்க அந்தச் சதுரம்
என்ன பேசும் என்று எதிலும் இல்லை.

"ம்ம்ம்ம்னுது" என்றார் சவுந்தலே மூட்லி.
"ஏதோ சொல்ல வந்து மறந்துபோன ஆள் மாதிரி.
எட்டு மாசமா."

முதலில் அதை நிறுத்திவிட்டு அளக்கவேண்டும்.
அது இல்லாத ராத்திரிக்கு எவ்வளவு சத்தம்,
அது வந்ததும் எவ்வளவு கூடுகிறது.
ஏழு கூடினால் தொந்தரவு.
ஆறரை கூடினால்
உங்கள் தூக்கம், உங்கள் பாடு.
சட்டத்தில் இப்படி எழுதியிருக்காது,
இப்படித்தான் முடியும்.

பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது.
கூடவே இருந்து பார்ப்பேன் என்று படையாச்சிக்கு அடம்.
இருந்த ஒரே நாற்காலியில் மடிக்காத துணி.
தலைமாட்டில் அந்த அம்மாள்,
கால்மாட்டில் அவர்.
சுவருக்கு மேலாக எட்டு மாதம்
வாய்க்கு வந்ததெல்லாம் பேசிய இருவரும்
ஒரே மெத்தையைக் குழியாக்கிக்கொண்டு
வாய் மூடி இருந்தார்கள்.

பொத்தானை அழுத்தினேன்.

தவளை.
மேட்டில் கியர் மாற்றும் லாரி.
தூரத்தில் டாக்ஸிக்காரன் ஒருவன்
இந்த நேரத்திலும் ஆள் கூப்பிடுகிறான்.
முப்பத்தொன்று. முப்பது. முப்பத்தொன்று.
ஆறாம் நிமிடம் அடுக்களையில்
ஃப்ரிட்ஜ் உடம்பை உலுக்கி எழுந்தது.
ஏழாம் நிமிடம் படையாச்சியின் வயிறு
நீளமாக ஒரு கேள்வி கேட்டது.
எண் நாற்பத்தாறுக்குத் துள்ளியது.
அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார்.
நோம்வுலாவால்தான் முடியவில்லை.

அழித்தாயிற்று. முதலிலிருந்து.

"சாப்பிடாமலா வந்தீங்க?"
"நீங்க போட்ட லெட்டரப் படிச்சா
சோறு எறங்குமா?"

இரண்டாம் முறை யாரும் அசையவில்லை.
பத்து நிமிடம், சுத்தமான பத்து நிமிடம்.
பிறகு பெட்டியை ஓடவிட்டு இன்னொரு பத்து.
கூட்டிக் கழித்துக்
கைப்பேசி வெளிச்சத்தில் சரிபார்த்தேன்.
ஆறு புள்ளி நான்கு.

படையாச்சி சிரிக்கவில்லை. தாள்களை அடுக்கினார்.
"அப்ப அது சத்தமே இல்லேங்கிறீங்க" என்றார் அம்மாள்.
இல்லை என்று நான் சொல்லவில்லை.
ஏழு இல்லை என்று சொன்னேன்.

கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது.
நான் அழித்த முதல் ஆறு நிமிடம்தான்
அந்த வீட்டின் உண்மையான அமைதி.
அடுத்த இருபதிலும் ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடியது,
அவர் பக்கத்து எண்ணை ஏற்றி,
அவருக்கே எதிராக.
நோம்வுலா என்னைப் பார்த்தாள்.
படிவத்தில் குறிப்புகள் என்று ஒரு கட்டம்,
இரண்டு வரி அகலம்.
வெறுமையாக விட்டேன்.

வாசலில், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே,
"அந்த ஃப்ரிட்ஜ் எத்தனை வருஷம் இருக்கும்மா?" என்றேன்.
மறுபடி அளக்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம்,
கேட்டால் நானேதான் வருவேன்,
அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்காருவேன்.
இதையெல்லாம் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

"அதுவா?" என்றார்.
"பதினாறு வருஷமா கெடக்கு.
அது சத்தமே போடாதே."