நீலக் கேட்

கோத்தகிரி காது முகாமில்
அவன் டோக்கன் பதினேழு, என்னுடையது பதினெட்டு.
கதவு திறந்தே இருந்தது.
ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து
"சத்தம் கேட்டதும் அழுத்துங்க" என்றாள் அந்தப் பெண்.
அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"பிள்ளை, எனக்குப் பழக்கம் வேற.
முதல்ல அழுத்துறது. பிறகுதான் சத்தம்."
அவளுக்குப் புரியவில்லை.
என் இடது காதுக்குப் புரிந்தது.
எண்பத்தேழு ஐப்பசியிலிருந்து
அது வேறெதையும் கேட்பதில்லை.

வெளியே வந்தவனை மறித்து
எந்த ஊர் என்றேன்.
டான்டீ லைன்.
அதற்கு முன்னே?
கட்டையாக வெட்டிய என் தலையை,
கையிலிருந்த வெலிங்டன் கேன்டீன் பையைப் பார்த்தான்.
"நீங்கள் வந்த இடம்தான்."

பெரியம்மா வீட்டார் எழுபத்து நாலில் கப்பலில் வந்தவர்கள்.
இவன் தொண்ணூறில், படகில்.
ரேஷன் கார்டில் நவரத்தினம்.
அங்கே வேறு பேர். அதைச் சொல்லவில்லை.
நான் போஜன், பக்கத்து ஹட்டி.
எந்தக் கம்பெனி என்று நானும் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் சலீம் பேக்கரி.
வர்க்கித் தூளை விரலால் ஒதுக்கி
மேசையில் ஒழுங்கை வரைவான்.
இது வாசிகசாலை. இது பனங்கூடல்.
இது,
நான் முந்திக்கொண்டேன்: "நீலக் கேட்."
அதன்பின் அன்று பேச்சில்லை.

கணக்கு ஒத்துவரவே இல்லை.
"பதினொரு பேர் எண்டு எழுதினம்."
மூணு பேர் என்றேன். பேரும் சொன்னேன்:
செபாஸ்டியன், முத்தையா, எங்கள் ஆரி.
மீதி எட்டுப் பேரை இத்தனை வருஷம்
எங்கே வைத்திருந்தாய் என்று கேட்கவில்லை.
நாங்களும் எழுதினோமே.
எங்கள் பட்டியலில் ஒருவன் கையில்
இருந்தது சைக்கிள் பம்ப்.

அந்த வீட்டுக் கிணற்றுக்கு
இரவில் அவர்கள், பகலில் நாங்கள்.
ஒரே வாளி.
எனக்கு நீட்டியபோது
"தமிழ் பேசுற பிள்ளை" என்றாள் அந்த அம்மா.
வியந்தாளா வைதாளா, இன்னும் தெரியவில்லை.

ஒரு விடியலில் கேட் மட்டும் நின்றது.

உங்கட செல் என்று அவன்
மண்டபம் முகாமில் எழுதிக் கொடுத்தான்.
அவங்க வெச்ச வெடி என்று நான்
கல்யாண வீடுகளில் சொல்லிவந்தேன்.

போன ஞாயிறு மழை. கரண்ட் இல்லை.
"பின்வளவில எங்கட சாமான் தாட்டிருந்தது.
அவவுக்குச் சொல்லேல்ல" என்றான்.
எனக்குக் கோபம் வந்தது.
இல்லை, வயர்லெஸ்ஸில் எண் படித்தவன் நான்.
ஆறா, ஒன்பதா,
காகிதம் நனைந்திருந்தது.
"அது எங்கட பிழை."
"உனக்கு என்ன தெரியும்?"
மேசையில் ஒரு டம்ளர் உருண்டது.
முப்பத்தேழு வருஷம்
அடுத்தவன் முற்றத்தில் எறிந்துவந்த வீட்டை
ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம்.
யார் காசு கொடுப்பதென்ற தகராறு என நினைத்து
"விடுங்கண்ணே, அடுத்த வாரம் தாங்க" என்றார் சலீம்.

திரும்பும்போது அவன் என் வலப்பக்கம்.
எனக்கு இடது போனது, அவனுக்கு வலது;
வேறு எப்படி நடந்தாலும்
இருவருக்கும் கேட்காது.
வளைவில், தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை.
சொல்லிவைத்தாற்போல இருவரும்
கானுக்குள் குனிந்து படுத்தோம்.
அது பார்த்தது. போயிற்று.
என் முழங்கால் எழ மறுத்தது.
"கையைத் தாரும்" என்றான்.
பிடித்துக்கொண்டே கேட்டேன்,
அந்த அம்மா பேர் என்ன?
"அக்கா எண்டுதான் கூப்பிட்டனாங்கள்."
நானும்தான்.

பாதையில் சாணம்
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.