அடிக்குறிப்பு பதினேழு

தீர்ப்பு நாற்பத்தொரு பக்கம்.
என் விமர்சனம் பதினொன்று.
சாலையை அகலப்படுத்த எடுத்த நிலத்தில்
‘காய்ப்பில்லா மரங்கள்’ என்று ஒரு வரி;
பாதி இழப்பீடு அந்த வரியில் போனது.

நான் சண்டை பிடித்தது வேறு இடத்தில்:
துணைப்பிரிவில் ஒரு காற்புள்ளி,
முழு அமர்வு முன்பே சொன்னதை
இரண்டு நீதிபதிகள் எப்படி மறக்கலாம்.
நல்ல வாதம். இப்போதும் சொல்வேன்.

கிருஷ்ணகிரி சார்பு நீதிமன்றத்தில்
அடுத்த வழக்குக்கு அதை வாசித்திருக்கிறார்
ஓர் இளம் வக்கீல்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினாராம்.
“எழுதினவங்க தோப்பைப் பார்த்தாங்களா?”

பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காவேரிப்பட்டணம் தாண்டி
சந்தூருக்கு டவுன் பஸ்.
மிச்சம் நின்ற பெங்களூரா மரங்களுக்கடியில்
மருந்து டின்னைக் கழுவிக்கொண்டிருந்தார் முனிரத்தினம்மா.
கையைச் சேலையில் துடைக்கக்கூட இல்லை.
“எண்ண வந்தது சித்திரையில.
அதுக்கு முந்தின வருஷம் கிளை ஒடியக் காய்ச்சுது.
மரம் மூச்சு வாங்குற வருஷமாப் பாத்து வந்து
மலடுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.”

நாற்பத்தொன்றில் இது இல்லை.
பதினொன்றிலும் இல்லை.
சுற்றிலும் லாரிச் சத்தம்;
நான் காற்புள்ளியைப் பற்றி
அவரிடம் எதுவும் பேசவில்லை.

மறுபதிப்புக்கு ஒரு குறிப்பு சேர்த்தேன்:
மா ஒரு வருஷம் விட்டுக் காய்க்கும்;
எண்ணிய ஆண்டு எது என
எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.
இதழாசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில்,
“ஆதாரம்?”

சர்வே எண்ணை எழுதினேன். தேதி எழுதினேன்.
முனிரத்தினம்மா என்று எழுதி
நின்றுவிட்டேன்:
இனிஷியலைக் கேட்காமல் வந்திருக்கிறேன்.