மூன்றாம் முறை வெந்நீர்

கூட்டம் என்றால் எனக்குக் கோப்பைகள்தான்.
பதினொன்று. மூடியோடு.
நடுவில் இருப்பது கட்சிச் செயலாளர் லுவோ ஜிங்தாங்கின் கோப்பை,
பிடி உடைந்து கம்பி சுற்றியது.
மாற்றித் தருகிறேன் என்றால்
வாய் வைக்கும் பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்.

அந்தக் குளிர்காலம் ஆற்றோரம் உறைந்து கிடந்தது.
தாவ்லின் ஆட்கள் கூட்டு வயலை
வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டார்களாம்,
ராத்திரியில், கயிறு போட்டு அளந்து.
புகார்க் காகிதம் மேசைக்கு வந்துவிட்டது.
கீழே முத்திரைக்கு இடம் விட்டிருந்தது.
பத்துப் பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.
நான் கோப்பையைப் பார்த்தேன். காலி.
மூன்றாம் முறை ஊற்றினேன்;
இலையில் சாயமே மிச்சமில்லை.
ஒரு மடக்குக் குடித்தார்.
கோப்பையைக் காகிதத்தின் மேலேயே வைத்தார்,
முத்திரைக்கு விட்ட இடத்தில்.
"அறுவடை முடியட்டும், அப்புறம் படிக்கிறேன்."

அவ்வளவுதான்.
பிறகு அதற்குச் செய்தித்தாளில் நீளமாகப் பெயர் வைத்தார்கள்.
நான் கண்டது ஓர் ஈர வளையம்.
மறு வருஷம் தாவ்லினிலிருந்து என் நாத்தனார் வந்தாள்,
சைக்கிளின் பின்னால் அரிசி மூட்டை.
"எங்களுடையது" என்று கிசுகிசுத்தாள்.
தன் குரலைக் கேட்டுத் தானே சிரித்து
இன்னொரு முறை சொன்னாள்,
மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி.

பதினெட்டு வருஷம் கழித்து மாகாணத்திலிருந்து வந்தார்.
கறுப்புக் கார், கூட நான்கு இளைஞர்கள், கால்குலேட்டர்.
மேசையில் மூன்றாம் எண் பஞ்சாலை.
நஷ்டம் இவ்வளவு. ஆட்கள் நாலாயிரத்து இருநூறு.
அதில் ஓர் ஆள் என் கணவர் தான் பாவ்ஷெங்,
நூற்பு, இரண்டாம் ஷிஃப்ட்.
கோப்பை புதிது. பிடி சரியாக இருந்தது.
ஊற்றினேன். மறுபடி ஊற்றினேன்.
மூன்றாம் முறை ஊற்றிவிட்டு நகராமல் நின்றேன்,
எங்கே வைக்கிறார் பார்ப்போம் என்று.

ஓரமாக வைத்தார், தட்டின் மேல்.
சிந்திய துளியைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார்.
முத்திரையை வாங்கி அழுத்தினார்.
சிவப்பு. எந்தப் பக்கமும் கலையாத வட்டம்.
"வேறு வழியில்லை" என்றார், ஜன்னலைப் பார்த்து.
கணக்கும் அதைத்தான் சொன்னது.
வீட்டில் நானும் கூட்டிப் பார்த்திருந்தேன்.

பாவ்ஷெங் இப்போது ரயிலடியில் டியூபுக்கு ஒட்டுப் போடுகிறார்.
சாப்பிட உட்கார்ந்தால் அந்த மனிதரின் நினைப்பு வந்துவிடும்.
திட்டுவதற்கு முன்
சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார்.
தாவ்லின் அரிசி.
திட்டி முடித்து எடுப்பதற்குள் ஆறிப்போயிருக்கும்.
கொஞ்சம் வெந்நீர் ஊற்றித் தருவேன்.