புள்ளி

வியாழன் இரவு, பிர்னோ நகரம்.
கடைசி டிராமை ஷெட்டில் விட்டுவிட்டுச்
சீருடையைக் கூடக் கழற்றாமல்
கேள்வி கேட்க உட்கார்ந்தாள் ஸ்டிஸ்லாவா.
திரையில் ஆறு சின்னச் சதுரங்கள்;
ஒன்றில் யாரோ சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

கொச்சைச் சொல் சுற்று:
எங்கள் ஊரில் டிராமுக்கு என்ன பெயர்?
“ஷாலினா!”
பிராக்கிலிருந்து ஆடும் ராதிமுக்கு மட்டும் பூஜ்யம்.
நாலாவது முறை இதே கேள்வி.
வேண்டுமென்றே தோற்கிறானோ என்று
எல்லோருக்கும் சந்தேகம்.

அடுத்து நாப்பிறழ் சுற்று.
ஸ்ட்ர்ச் ப்ர்ஸ்ட் ஸ்க்ர்ஸ் க்ர்க்.
விரலைத் தொண்டை வழியே விடு என்று பொருள்.
மருந்துக்கும் ஓர் உயிரெழுத்து கிடையாது.
பத்து நொடி, மூன்று முறை.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
ஐந்தாம் சதுரத்தில் வ்லஸ்திமில்:
குரல்வளையை எடுத்து எட்டு மாதம்.
அன்றிலிருந்து பதிலெல்லாம் தட்டச்சில்தான்,
மைக்கின் குறுக்கே எப்போதும் ஒரு சிவப்புக் கோடு.

சூப் குடித்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

சிவப்புக் கோடு போனது.
கழுத்துத் துளையை விரலால் பொத்திக்கொண்டு
சொன்னார்,
சரளைக்கல்லில் சைக்கிள் போவதுபோல,
ஒரு முறை.
மூச்சு வாங்கி இன்னொரு முறை.
மூன்றாவதற்குள் மணி அடித்துவிட்டது.

விதி என்றால் விதிதான்.
எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்த வாக்கியம்;
அவர் கணக்கில் மட்டும்
ஒரு புள்ளியும் ஏறவில்லை.

‘மோசடி’ என்று தட்டினார்.
அனுப்பவில்லை.
அழித்துவிட்டு
விரலை மறுபடி
கழுத்துக்குக் கொண்டுபோனார்.