ஒரு நூல்

மின்வாரியக் கவுண்டரைச் சாத்திவிட்டு வந்து
ராத்திரி ஒன்பதுக்கு மேல்
கார்செட் தைக்கிறேன்.

தச்சநல்லூரில் இதைச் சொல்லித்தர ஆளில்லை,
சிரிக்க ஆளுண்டு.
பன்னிரண்டு துண்டு. ஜெராக்ஸ் கடைத் தாள்களை
ஒட்டி ஒட்டியே செல்லோடேப் தீர்ந்தது.
துணி, மெத்தைக்குப் போடுகிற
நீலக் கோட்டுத் துணி. இலவம்பஞ்சுக்கு வாங்கி மிஞ்சியது.
விறைப்புக்கு ஒரு காலத்தில் திமிங்கலத்தைக் கொன்றார்களாம்.
தாமிரபரணியில் கெண்டைதான்.
லைன்மேன் சுயம்புலிங்கத்திடம்
பெரிய கேபிள் டை இருபது கேட்டேன்.
"எதுக்கு மேடம், மீட்டர் பெட்டிக்கா?"
"இல்ல, இடுப்புக்கு."
"நுனி குத்தும், உரசிக்கிடுங்க" என்றதோடு சரி.

பித்தளைக் கண்களை
ஜங்ஷன் தார்ப்பாய்க் கடைப் பையன் அடித்துத் தந்தான்,
லாரிக்கு இது எந்தப் பக்கம் என்று கேட்டபடி.

சித்திரை. மின்விசிறி
சுடுகாற்றைத்தான் சுற்றிவிடுகிறது.
முன்பக்கம் கொக்கி மாட்டி
மூச்சை உள்ளே இழுத்து நின்றேன்.
பின்னால் கொம்பையா,
நயினார்குளம் மண்டியில்
நாளைக்கு முந்நூறு மூட்டை கட்டுகிற கை.
கயிற்றை இழுத்தார். முழங்காலால் முட்டுக் கொடுத்தார்.
நிறுத்திவிட்டார்.
"இதுக்கு மேல இழுத்தா சாக்கு பிஞ்சிரும்ட்டி."
"சாக்கு யாரு?"
பதில் இல்லை.

முதுகில் இரண்டு விரல் இடைவெளி
இருக்கலாம் என்று குறிப்பு.
வைத்து எண்ணினார்:
ஆறு. ஏழாவதாகச் சுண்டுவிரலும் போயிற்று.

அன்றைக்கு ராத்திரி என்னை நானே திட்டிக்கொண்டேன்,
நாற்காலியில் உட்கார்ந்த பதினோரு வருடத்தைச் சொல்லி,
கொழுந்தன் மறுவீட்டில்
மூன்றாம் தடவை கேட்டு வாங்கிய சொதி வரைக்கும் போய்.

விடியுமுன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது
தாளின் மூலையில் சின்னதாய் ஒரு கட்டம்.
ஓர் இஞ்ச், அளந்து சரிபார்க்கவும்.
டேப்பை வைத்தேன்.
ஒரு நூல் குறைந்தது.
திருப்பி வைத்தேன்.
ஒரு நூல்.
பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று
ஜெராக்ஸ் கடைக்காரர் சுருக்கிவிட்டார்.
நான் சுருங்கவில்லை, அதுதான் வழக்கு.

எழுப்பிச் சொன்னேன்.
"நாந்தான் அப்பமே சொன்னேம்லா"
என்று திரும்பிப் படுத்தார்.
அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

விலாவில் கோடுகள் இன்னும் அழியவில்லை.
எட்டு மணிக்குக் கடை திறக்கும்.
நூறு சதவீதம் என்று
இந்தத் தடவை அழுத்திச் சொல்ல வேண்டும்.
இத எங்க போட்டுட்டுப் போவ என்று
அவர் கேட்டால்,
துணி இன்னும் ரெண்டு மீட்டர் இருக்கிறது.