சில்லறைப் பெட்டிக்கு அடியில்

சின்னதுக்கு இருபது, பெரியதுக்கு நாற்பது,
குளிக்க நூறு.
பஸ்டியன் மாவத்தைக் கக்கூசில்
எனக்கு ஒரு மேசை, ஒரு வாளி, அரைகுறையாய்ச் சுற்றும் விசிறி.
மூன்றாம் கதவின் தாழ்ப்பாளைக்
கழற்றி வைத்தவள் நான்தான்.
உள்ளே போனவன் வெளியே வரப் பிந்தினால்
தும்புத்தடியால் இடிப்பேன்.
கதவுக்கு மேலால் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்,
மர்சூக்கின் தலையில், இரண்டு தரம்.

அவனுக்காகத்தான் பியஸ் வந்தான்.
பியஸும் ஒருகாலம் மூன்றாம் கதவுக்காரன்.
இப்போது முழுக்கைச் சட்டை, தோளில் பை.
"லூர்தக்கா, ஒரு போத்தல் வச்சிருப்பீங்களா?"
நான் வேறெதையோ நினைத்துத்
தடியைத் தேடினேன்.

குளிசை.
இருபத்தெட்டு, மேலே ஒரு துண்டுப் பஞ்சு.
"ஈரல்ல கிருமி. ஊசி கை மாறினதுல வந்தது.
நாளைக்கு ஒண்டு, பன்னிரண்டு கிழமைக்கு.
படுக்கிறது பாலத்துக்குக் கீழ,
பையில வச்சா மழை, இல்லாட்டிக் களவு.
அவன் ஒரு நாளும் தவறாம வாற இடம்
உங்கட இடம் மட்டும்தான்."

பதினோரு வருசத்தில்
என் கக்கூசைப் பற்றி ஒருவன் சொன்ன நல்ல வார்த்தை.

"தூளை விட்டுட்டானா?"
"இல்ல."
"பிறகென்னத்துக்கு?"
பியஸ் இருபது ரூபாயை மேசையில் வைத்து உள்ளே போனான்.
கை கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து சொன்னான்:
"எனக்கும் விட முந்தித்தான் தந்தாங்க."

சில்லறைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.
காலை ஏழரைக்கு வருவான்.
முகம் பார்க்கமாட்டான். கை மட்டும் நீளும்,
நரம்பெல்லாம் ஒளிந்துகொண்ட கை.
என் பிளாஸ்க் மூடியில் தண்ணீர்.
விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவான்,
நான் கேட்காமலே.
எந்தச் சிறையில் பழக்கினார்களோ.
"மூடு வாயை" என்பேன்.
மூடுவான். போவான்.
நகைக்கடைக் கலண்டரில் நான் ஒரு கோடு கிழிப்பேன்.

நாற்பத்தோராம் நாள் வரவில்லை.
பத்து மணி. கண்டி பஸ் இரண்டு போய்விட்டது.
மூன்றாம் கதவைத் தள்ளினேன்,
வேறொருவன், சுவரில் சாய்ந்தபடி:
"ராத்திரி அள்ளிட்டுப் போய்ட்டாங்க. மருதானைப் பொலிஸ்."

பகலில் ஒரு நாளும் பூட்டாத கதவைப் பூட்டினேன்.
வரிசையில் நின்றவர்கள் ஏசியது சந்திவரை கேட்டது.
ரசீதுத் துண்டில் மடித்த ஒற்றைக் குளிசையோடு
பொலிஸ் மேசை முன்னால் நின்றேன்.
என்ன வருத்தம் என்றார்கள். சொன்னேன்.
பொட்டலத்தை வாங்கிய கை
பொட்டலத்தை விட்டது.
"தொட்டா ஒட்டுமா?"
"ஒட்டாது சேர். ஆறு கிழமையா
நான்தான் எடுத்துக் குடுக்கிறேன்."
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது
ஆறு கிழமையாக
அந்தக் கையில் படாமல்
மேலிருந்து போட்டு வந்திருக்கிறேன் என்று.

கம்பிக்கு இடையால் நீண்டது.
உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டேன்.
சுடச்சுட இருந்தது, எல்லாருடைய கையையும் போல.
நாக்கை நீட்டினான்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அங்கே வரக்கூடாத இடத்தில்.

எண்பத்து நான்கு முடிந்தது.
இரத்தம் பார்க்க இன்னும் மூன்று மாதமாம்.
அதுவும் போனது.
ஒரு பின்னேரம் நாலாய் மடித்த தாளோடு வந்தான்.
இங்கிலிசு எனக்கு வராது, அவனுக்கும் வராது.
டிக்கட் போடுகிற பையன் வாசித்தான்:
"கிருமி காணவில்லையாம்."
"காணாட்டி எங்க போச்சாம்?" என்றான் மர்சூக்.
நாற்பது ரூபாயை வைத்துவிட்டு
மூன்றாம் கதவுக்குள் போனான்.

ஆம், இன்னும் போகிறான்.
பையில் பியஸ் எங்கிருந்தோ கொண்டுவரும்
உறை பிரிக்காத ஊசி, அவனுக்கு மட்டும்.
தாழ்ப்பாளைத் திரும்பப் பூட்டிவிட்டேன்,
வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி.
தடி மூலையில் கிடக்கிறது.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் தட்டுகிறேன்.
"மர்சூக், இருக்கிறியா?"

சில நேரம் குழாய்ச் சத்தம்,
சில நேரம் பஸ் ஹோர்ன்.
பிறகு,
"இருக்கிறேன் அக்கா."